ரொட்டியா, இறைச்சியா?
ஓர் அரபுச் சொல்லின் உறவுகளும் பயணமும்

எருசலேம் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் குன்றுகளின்மீது ஒரு சிறு நகரம் அமைந்துள்ளது. இயேசு பிறந்த ஊர் என்று உலகம் போற்றும் பெத்லகேம் அது. எபிரேய மொழியில் இவ்வூரின் பெயர் ‘பேத் லெஹெம்’. ‘பேத்’ என்றால் வீடு. ‘லெஹெம்’ என்றால் ரொட்டி. ஆகவே ஊரின் பெயர் ‘ரொட்டி வீடு’ என்று பொருள்படுகிறது.

அதே ஊரில் வாழும் அரபு மக்கள் அதனை ‘பைத் லஹ்ம்’ என்கின்றனர். அரபு மொழியிலும் ‘பைத்’ என்றால் வீடுதான். ஆனால் ‘லஹ்ம்’ என்றால் ரொட்டி அன்று; இறைச்சி! ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே பெயர். ஒரு மொழிக்காரர் காதில் அது ரொட்டி வீடாகவும், மற்றொரு மொழிக்காரர் காதில் இறைச்சி வீடாகவும் விழுகிறது.

இந்தப் பெயர் மிகப் பழமையானது. எருசலேமில் நடந்த அகழாய்வில் கிடைத்த, களிமண்ணால் ஆன ஒரு சிறு முத்திரைத் துண்டில் இவ்வூரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதாக 2012ஆம் ஆண்டு தொல்லியலார் அறிவித்தனர். அம்முத்திரை கி.மு. 8 அல்லது 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊர்ப்பெயரில் உள்ள ‘லெஹெம்’ ஒரு பழந்தெய்வத்தின் பெயராக இருக்கலாம் என்று கூறுவாரும் உளர். அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். லெஹெம், லஹ்ம் என்னும் இரண்டு சொற்களும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பதில் மொழியியலாருக்கு ஐயமில்லை. அப்படியானால் ரொட்டி எவ்வாறு இறைச்சியாயிற்று? அல்லது இறைச்சிதான் ரொட்டியாயிற்றா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறவு மொழிகள்

ஒரே தாயின் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தால் முகச்சாயல் ஒன்றாக இருந்தாலும் பழக்கவழக்கங்கள் மாறிவிடுகின்றன அல்லவா? மொழிகளும் அப்படியே. மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்று கேட்டால் குடிக்கத் தண்ணீர் தருவார்கள். தமிழில் வெள்ளம் என்றால் ஊரைச் சூழும் பெருநீர். சொல் ஒன்றே, பொருள் இரண்டு கிளையாகப் பிரிந்துவிட்டது. இவ்வாறு ஒரு மூலமொழியிலிருந்து பல மொழிகளுக்குள் வந்து சேர்ந்த சொற்களை இனச்சொற்கள் என்பர்.

தமிழும் மலையாளமும் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதுபோல அரபு, எபிரேயம், அரமேயம் ஆகியவை செமித்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்துக்கு அந்தப் பெயரை 1781ஆம் ஆண்டில் சூட்டியவர் ஜெர்மானிய வரலாற்றறிஞர் ஷ்லோட்சர். பண்டைய மெசப்பொத்தேமியாவின் அக்காதியம், சிரியக் கடற்கரையின் உகாரிதியம், எத்தியோப்பியாவின் கீஸ், அம்ஹாரிக், மால்ட்டாத் தீவின் மால்ட்டீயம் ஆகியவையும் இக்குடும்பத்தினவே.

செமித்திய மொழிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யொலிகளே வேராக அமைகின்றன. அம்மூன்றுக்கும் இடையில் உயிர்களை மாற்றியும், முன்னும் பின்னும் சில ஒலிகளைச் சேர்த்தும் புதுச் சொற்களை ஆக்கிக்கொள்கின்றனர். எழுதுதல் என்னும் பொருளுடைய க, த, ப என்னும் மெய்களைப் பாருங்கள். ‘கதப’ என்றால் எழுதினான். ‘கிதாப்’ என்றால் நூல். ‘காதிப்’ என்றால் எழுதுபவன். ‘மக்தப்’ என்றால் எழுதும் இடம். உயிர்கள் மாறினாலும் மெய்கள் மாறவில்லை.

நமது சொல்லின் வேர் ல, ஹ, ம என்பதாகும். இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் ‘ஹ’ என்று ஒரே எழுத்தால் குறிக்கிறோம். ஆனால் அரபியில் இதற்கு நெருங்கிய ஒலிகள் மூன்று. ஒன்று, மூச்சு மட்டும் வெளிவரும் மெல்லிய ஹகரம். இரண்டாவது, தொண்டையின் ஆழத்தை நெருக்கி எழுப்பும் அழுத்த ஹகரம். மூன்றாவது, அடிநாக்கு மேலே உராயக் கரகரத்து வரும் ககரம். இம்மூன்றும் அரபியர் காதுக்கு நம்முடைய லகர, ளகர, ழகரங்களைப்போல வெவ்வேறானவை. ‘லஹ்ம்’ என்ற சொல்லில் இருப்பது இரண்டாவதான அழுத்த ஹகரம். இது சிறு செய்தி போலத் தோன்றலாம். ஆனால் இந்தக் கதையில் தீர்ப்பு வழங்கப்போவது இந்த ஒலிதான்.

மொழிக்கு மொழி

இனி உறவு மொழிகளில் இச்சொல் எவ்வாறு வழங்குகிறது என்று காண்போம்.

எபிரேயத்தில் லெஹெம் ரொட்டி. அரமேயத்தில் ‘லஹ்மா’ என்பதும் ரொட்டியே. பாரசீகப் பேரரசின் காலத்தில் எகிப்து முதல் ஈரான் வரை ஆட்சித் தொடர்பு மொழியாக விளங்கிய அரமேயம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. சிரியாவில் டமாஸ்கசுக்கு வடகிழக்கே உள்ள மஃலூலா என்னும் மலைக் கிராமத்தில் இன்றும் அதன் ஒரு கிளைமொழி பேசப்படுகிறது. அங்குள்ளவர்கள் அரபும் அறிந்தவர்கள். அதனால் ஒருவர் அரமேயத்தில் ‘லெஹ்மா’ என்றால் ரொட்டியையும், அரபியில் ‘லஹ்ம்’ என்றால் இறைச்சியையும் குறிக்கிறார். ஒரே வாயில் இரண்டு பொருளும் குழப்பமின்றிக் குடியிருக்கின்றன.

அடுத்து உகாரிதியம். 1928ஆம் ஆண்டு சிரியக் கடற்கரையில் உழுதுகொண்டிருந்த உழவர் ஒருவரின் கலப்பை ஒரு பழங்கல்லறையில் தட்டியது. மறு ஆண்டே அங்கு அகழாய்வு தொடங்கியது. அருகிலிருந்த ராஸ் ஷம்ரா மேட்டின் கீழே உகாரித் என்னும் நகரமே புதையுண்டு கிடந்தது. கிடைத்த களிமண் பலகைகளில் இருந்த ஆப்பு வடிவ எழுத்தை 1930ஆம் ஆண்டிலேயே அறிஞர்கள் படித்துவிட்டனர். இந்நகரம் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்துபோனது. ஆகவே பலகைகளின் வயது மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். அவற்றில் ல, ஹ, ம என்னும் வேர் இரண்டு விதமாக வருகிறது. பெயர்ச்சொல்லாக வரும்போது ரொட்டி, உணவு. வினைச்சொல்லாக வரும்போது உண்ணுதல். விருந்துகளைப் பாடும் பகுதிகளில் ‘குடி’ என்பதற்கு இணையாக ‘உண்’ என்னும் பொருளில் இவ்வேர் அமைந்துள்ளது.

மால்ட்டாத் தீவு ஒன்பதாம் நூற்றாண்டில் அரபியர் வசமாயிற்று. இன்றைய மால்ட்டீய மொழி அந்த அரபியின் வழிவந்தது. அங்கு இறைச்சிக்கு ‘லஹம்’ என்றே பெயர். ரோமானிய எழுத்தில் எழுதப்பட்டாலும், இத்தாலியச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருந்தாலும், இந்தச் சொல் தன் அரபுப் பொருளை விடவில்லை.

அழகான விளக்கம் ஒன்று

இச்சொல்லைப் பற்றி மொழி ஆர்வலர்களிடையே ஒரு விளக்கம் நெடுங்காலமாக உலவி வருகிறது. மூலமொழியில் இதற்கு ‘முக்கிய உணவு’ என்று பொருளாம். கானான் நாட்டு எபிரேயர் கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்ட உழவர். ஆகவே அவர்களுக்கு அது ரொட்டியாயிற்று. பாலைவன அரபியர் ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர். ஆகவே அவர்களுக்கு இறைச்சியாயிற்று. இந்துமாக்கடலில் உள்ள சொகோத்ராத் தீவின் செமித்திய மொழியில் ‘லெஹெம்’ என்றால் சுறா. தீவு மக்கள் மீன் உண்பவர் அல்லவா? எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் ‘லாஹ்ம்’ என்றால் எருது அல்லது பசு. அம்ஹாரிக் மொழியில் ‘லாம்’ என்றால் பசு. அவர்கள் மாடு வளர்ப்பவர் அல்லவா?

உழவனுக்கு ரொட்டி, மேய்ப்பனுக்கு இறைச்சி, மீனவனுக்குச் சுறா, மாட்டுக்காரனுக்குப் பசு! கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் அறிவியலில் ஒரு விளக்கம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அதனை உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டும். மொழியியலில் முதல் உரைகல் ஒலி. இரண்டு சொற்கள் இனச்சொற்கள் என்றால் அவற்றின் ஒலிகள் ஒழுங்கான விதிப்படி ஒத்துவர வேண்டும். ஒன்றுபோல் ஒலிப்பது மட்டும் சான்றாகாது.

முதலில் சுறாவை எடுத்துக்கொள்வோம். அரபியிலேயே ‘லுக்ம்’ என்று வேறொரு சொல் இருக்கிறது. அது ஒரு கடல்மீனைக் குறிக்கும். சுறா என்று அதற்குப் பொருள் கூறுவர். இதில் இருப்பது லஹ்ம் என்பதிலுள்ள அழுத்த ஹகரம் அன்று, கரகரத்த ககரம். சொகோத்ரா மொழியின் பெரும்பாலான வட்டார வழக்குகளில் பழைய கரகரத்த ககரம் அழுத்த ஹகரமாக மாறிவிட்டது. அதாவது அங்கே இரண்டு ஒலிகளும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆகவே சொகோத்ராவின் ‘லெஹெம்’ நமது ‘லஹ்ம்’ என்பதன் உடன்பிறப்பாக இருக்கவேண்டியதில்லை. சுறாவைக் குறிக்கும் ‘லுக்ம்’ என்பதன் உடன்பிறப்பு என்று கொள்வதே ஒலிக்கும் பொருளுக்கும் பொருத்தம். மீன் பெயர் மீன் பெயராகவே வந்திருக்கிறது. உணவு மீனாக மாறிய கதை இங்கே தேவையில்லை.

பசுவின் நிலையும் உறுதியானதன்று. கீஸ் மொழியில் அச்சொல் பெரும்பாலும் மெல்லிய ஹகரத்தால் எழுதப்படுகிறது. லஹ்ம் என்பதன் இனச்சொல் என்றால் அழுத்த ஹகரம் வந்திருக்கவேண்டும். பிற்கால எத்தியோப்பிய எழுத்தர்களின் உச்சரிப்பில் பல ஹகரங்கள் ஒன்றாகிவிட்டதால் எழுத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவும் இயலாது. எனவே பசுவை ஐயத்துக்குரிய சாட்சி என்று ஒதுக்கி வைப்பதே முறை.

அப்படியானால் ரொட்டியும் இறைச்சியும் மட்டும் உறவு என்பதற்கு என்ன உறுதி? எபிரேய, அரமேய எழுத்து முறைகளில் அழுத்த ஹகரத்துக்கும் கரகரத்த ககரத்துக்கும் ஒரே எழுத்துத்தான். அவற்றைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. இங்கேதான் உகாரித்தின் களிமண் பலகைகள் கைகொடுக்கின்றன. உகாரிதிய எழுத்து முறையில் மொத்தம் 30 எழுத்துகள். அவற்றுள் இந்த இரண்டு ஒலிகளுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. ரொட்டியைக் குறிக்கும் சொல் அங்கு அழுத்த ஹகரத்தோடுதான் எழுதப்பட்டுள்ளது. அரபியின் லஹ்ம் என்பதில் உள்ள அதே ஒலி. மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்த சாட்சி எழுந்து வந்து உறவை உறுதி செய்துவிட்டது.

வாழ்க்கை என்னும் உரைகல்

ஒலியில் தேறிய பின்னும் பொருளைச் சோதிக்க வேண்டும். அரபியருக்கு இறைச்சிதான் முக்கிய உணவு என்பது உண்மையா? பாலைவன நாடோடிகளின் அன்றாட உணவு பாலும் பேரீச்சம்பழமுமே. கால்நடை அவர்களுடைய செல்வம். அதைத் தினமும் அறுத்து உண்பவன் விரைவில் ஓட்டாண்டியாவான். விருந்தினர் வந்தபோதும், விழா நாட்களிலும், பலியிடும் வேளையிலும்தான் ஆடோ ஒட்டகமோ அறுக்கப்பட்டது. ஆகவே ‘தினமும் உண்ட உணவு என்பதால் இறைச்சிக்கு அப்பெயர்’ என்ற வாதம் நிற்காது. சிறப்பான உணவு, மதிப்புமிக்க உணவு என்பதனால் பொதுப்பெயர் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டது என்பதே பொருந்தும்.

பொதுப்பெயர் ஒரு பொருளுக்கு மட்டும் உரியதாகச் சுருங்குவது புதுமையன்று. உணவு விடுதி வாசலில் ‘சாப்பாடு தயார்’ என்று பலகை தொங்கினால் உள்ளே இட்டிலியை எதிர்பார்த்து நாம் நுழைவதில்லை. சாப்பிடுவது எல்லாமே சாப்பாடுதான் என்றாலும் அந்தச் சொல் அங்கே சோற்றுக்கு உரியதாகிவிட்டது. அக்காதிய மொழியில் ரொட்டிக்கு ‘அகலு’ என்று பெயர். அது உண்ணுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. அதே வேரிலிருந்து அரபியில் வந்த ‘அக்ல்’ என்னும் சொல் பொதுவாக உணவையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் இன்று இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் எல்லா உணவுக்கும் பொதுவாக இருந்தது.

நமது ‘கறி’ இன்னும் வேடிக்கையானது. சங்க நூல்களில் அது மிளகு. இன்று கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை. மரக்கறி உண்ணும் வீட்டிலோ வாழைக்காய்க் கறி, கத்தரிக்காய்க் கறி என்று வழங்குகிறோம். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் இச்சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கலாம் என்றால், நூற்றுக்கணக்கான கல் தொலைவும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளும் இடையிட்ட எபிரேயத்துக்கும் அரபுக்கும் கேட்பானேன்!

இரண்டு சபதங்கள்

லெஹெம் என்ற சொல் ரொட்டியாகச் சுருங்குமுன் உணவு என்ற விரிந்த பொருளோடு இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டா? உண்டு. எபிரேய விவிலியத்தில் சாமுவேல் முதல் நூலின் 14ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. போர் நடக்கும் நாளில் மாலை வரை ‘லெஹெம்’ உண்பவன் சபிக்கப்பட்டவன் என்று சவுல் மன்னன் படைவீரருக்கு ஆணையிட்டு விடுகிறான். அதை அறியாத அவன் மகன் யோனத்தான் காட்டில் கண்ட தேனடையில் தன் கோலின் நுனியைத் தோய்த்துச் சிறிது சுவைத்துவிடுகிறான். ஆணையை மீறிய குற்றத்துக்காகத் தந்தையே மகனுக்கு மரண தண்டனை விதிக்கிறான். மக்கள் குறுக்கிட்டு அவனைக் காப்பாற்றுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘நான் தின்றது தேன், ரொட்டி அல்லவே’ என்று யோனத்தான் வாதாடவில்லை, வேறு எவரும் வாதாடவில்லை. ஓர் உயிரையே காப்பாற்றக்கூடிய வாதம் எவருக்கும் தோன்றவில்லை என்றால், அக்காலத்தில் லெஹெம் தேனையும் உள்ளடக்கிய சொல் என்பது தெளிவு. நியாயாதிபதிகள் நூலின் 13ஆம் அதிகாரமும் இதற்குத் துணை நிற்கிறது. மனோவா என்பவர் வானதூதருக்கு வெள்ளாட்டுக்குட்டியைச் சமைத்துத் தர முன்வருகிறார். உன் ‘லெஹெமை’ உண்ணமாட்டேன் என்று தூதர் மறுக்கிறார். எபிரேயத்திலேயே இச்சொல் இறைச்சி உணவையும் குறித்த இடம் இது.

அரபு உலகிலும் ஒரு சபதம் இச்சொல்லின் எல்லையைச் சோதித்தது. ஒருவன் இனி ‘லஹ்ம்’ உண்ணமாட்டேன் என்று சபதம் செய்கிறான். பிறகு மீன் உண்டுவிடுகிறான். சபதம் முறிந்ததா, இல்லையா? இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதனைத் தீவிரமாக ஆராய்ந்தனர். குர்ஆனின் 16ஆம் அத்தியாயம், 14ஆம் வசனத்தில் கடல் தரும் புத்துணவைக் குறிக்க லஹ்ம் என்ற சொல்லே ஆளப்பட்டுள்ளது. அப்படியானால் மீனும் லஹ்ம்தான். சபதம் முறிந்தது என்று சிலர் கூறினர். ஹனஃபி சட்ட மரபினரோ வேறு வழி கண்டனர். சபதத்தில் வரும் சொல்லுக்கு மக்கள் வழக்கில் என்ன பொருளோ அதுவே அளவுகோல். கடைக்குப் போய் லஹ்ம் வாங்கி வா என்றால் எவரும் மீன் வாங்கி வருவதில்லை. ஆகவே சபதம் முறியவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

சொல்லுக்குப் பொருள் நூலில் இருக்கிறதா, மக்கள் நாவில் இருக்கிறதா என்ற கேள்வியை இன்றைய மொழியியலார் எழுப்புவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் எழுப்பிவிட்டனர் எனலாம்.

இறைச்சிக்கு வேறு சொல் இல்லையா?

இன்னொரு கோணத்திலிருந்தும் நம் முடிவைச் சரிபார்க்கலாம். எபிரேயத்தில் லெஹெம் ரொட்டி என்றால் இறைச்சிக்கு என்ன பெயர்? ‘பாசார்’ என்று பெயர். அரமேயத்திலும் இறைச்சிக்கு இதே வேர்தான். உகாரிதியத்திலும் தசையைக் குறிக்க இவ்வேரே வருகிறது. அரபியில் இதன் இனச்சொல் ‘பஷர்’. அங்கே அதற்குப் பொருள் மனிதர், மனித இனம்! அதனோடு சேர்ந்த ‘பஷரா’ என்ற சொல் மேல்தோலைக் குறிக்கும்.

உடலையும் தசையையும் குறிக்கும் சொல் ஒன்று முன்பே பல கிளைகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. ஆகவே லஹ்ம் தொடக்கத்திலேயே தசையைக் குறித்த சொல்லாக இருந்திருக்கத் தேவையில்லை. அது உணவு என்ற பொதுப்பொருளிலிருந்து வந்து அரபியில் இறைச்சியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய தசைச்சொல் தோலுக்கும் மனிதனுக்கும் இடம் மாறிக்கொண்டது. ரொட்டிக்கு அரபியர் ‘குப்ஸ்’ என்ற சொல்லை ஆள்கின்றனர். ஒரு நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தால் வேறொருவர் வந்து அமர்வதுபோல் சொற்களும் இடம் மாறி அமர்கின்றன.

பிணைப்பு என்னும் பொருள்

அரபியில் இந்த வேர் உணவோடு நிற்கவில்லை. நெசவில் பாவுநூல்களின் குறுக்கே ஓடும் ஊடுநூலுக்கு ‘லுஹ்மா’ என்று பெயர். உறவினருக்கு இடையேயான இரத்தப் பிணைப்பையும் அதே சொல் குறிக்கும். உலோகத் துண்டுகளை ஒட்டும் பற்றாசுக்கு ‘லிஹாம்’ என்று பெயர். காயத்தின் இரு ஓரங்களும் கூடி ஆறுவது ‘இல்திஹாம்’. கடும்போர் ‘மல்ஹமா’, இக்காலத்தில் வீரகாவியத்துக்கும் இதுவே பெயர். ‘லஹ்ஹாம்’ என்று கேட்டால் சிரியாவிலும் லெபனானிலும் இறைச்சிக் கடைக்காரரைக் காட்டுவர். எகிப்தில் உலோகம் பற்றவைப்பவரைக் காட்டுவர்.

இவற்றையெல்லாம் இணைக்கும் நூல் எது? கி.பி. 1004இல் மறைந்த அரபு அகராதியியல் அறிஞர் இப்னு ஃபாரிஸ், சொற்களின் வேர்ப்பொருளை ஆராய்ந்து ஒரு பேரகராதி இயற்றினார். ஒன்றினுள் ஒன்று புகுந்து பிணைவதே இவ்வேரின் பொருள் என்பது அவர் முடிவு. தசைநார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இறைச்சிக்கு லஹ்ம் என்று பெயர். ஊடுநூல் பாவினுள் புகுவதால் லுஹ்மா. மல்ஹமா என்பதற்கு அவர் இரண்டு காரணம் கூறுகிறார். போரில் மனிதர் ஒருவரோடொருவர் பின்னிக்கொள்வது ஒன்று. மாண்டவர் இறைச்சிபோல் கிடப்பது மற்றொன்று.

எபிரேயத்திலும் போருக்கு ‘மில்ஹாமா’ என்று பெயர் என்பது இங்கே கருதத்தக்கது. போர் என்ற பொருள் அரபியர் பிற்காலத்தில் படைத்த உவமையாக மட்டும் இருக்க முடியாது; அது பழமையானது. ஆயினும் உண்ணுதலும் போரிடுதலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தனவா, அல்லது ஒலியில் ஒத்த இரண்டு வேர்களா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. புகழ்பெற்ற எபிரேய அகராதிகள் சில அவற்றை இரண்டு வேர்களாகவே பிரித்து எழுதுகின்றன. இப்னு ஃபாரிஸ் அரபு ஒன்றையே கொண்டு ஆராய்ந்தார். உறவு மொழிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது உணவு என்ற பொருளின் தொன்மை வெளிப்படுகிறது. தசை, தையல், பற்றாசு ஆகிய பொருள்கள் அரபியில் இறைச்சி என்ற பொருள் நிலைத்த பின்னர் அதிலிருந்து விரிந்தவை என்று கொள்வதும் பொருந்தும்.

எது பயணம் செய்தது?

இதுவரை கண்டது மரபுரிமையாக வந்த உறவு. இனி, கடனாகப் போன பயணத்தைக் காண்போம். அரபு மொழி வாணிபத்தாலும் சமயத்தாலும் தொலைதூரம் பரவியது. துருக்கி மொழியில் பற்றாசுக்கு ‘லெஹிம்’ என்று பெயர். பாரசீகத்தில் ‘லஹீம்’. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் வழங்கும் சுவாஹிலி மொழியில் ‘லெஹேமு’. மூன்றும் செமித்தியக் குடும்பத்தைச் சேராத மொழிகள். மூன்றிலும் அரபுச் சொல் ஓடியிருக்கிறது.

இம்மொழியினர் அன்றாடப் பேச்சில் இறைச்சியைத் தத்தம் சொற்களாலேயே குறிக்கின்றனர். துருக்கியர் ‘எத்’ என்பர். பாரசீகர் ‘கோஷ்த்’ என்பர். சுவாஹிலி மக்கள் ‘ந்யாமா’ என்பர். இறைச்சியை அவர்கள் அரபியரிடம் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. அதற்கு அவர்களிடமே பழைய பெயர் இருந்தது. பற்றவைக்கும் தொழிலின் சொல்லோ பட்டறைகள் வழியே, கைவினைஞர் நாவின் வழியே சென்று சேர்ந்தது. வீட்டுச் சொல் வீட்டிலேயே தங்கிவிட, தொழிற்சொல் ஊர் சுற்றியது என்று சொல்லலாம். தற்கால எபிரேயத்திலும் பற்றவைப்புக் கோலுக்கு ‘மல்ஹேம்’ என்று இதே வேரிலிருந்து பெயர் அமைத்துள்ளனர்.

உணவும் ஒரு வழியாகப் பயணம் செய்யாமல் இல்லை. மெல்லிய மாவு வட்டத்தின்மேல் கொத்திய இறைச்சியையும் மசாலாவையும் பரப்பி அடுப்பில் சுடும் ஓர் உணவு துருக்கியில் ‘லஹ்மஜுன்’ என்று பெயர் பெற்றுள்ளது. ஆர்மீனியரும் அதே பெயரால் அதனை அழைக்கின்றனர். அரபியில் ‘லஹ்ம் பி அஜீன்’, அதாவது மாவோடு கூடிய இறைச்சி என்பதன் திரிபு அது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ரொட்டி, இறைச்சி என்று பிரிந்துபோன இரண்டும் இங்கே ஒரே தட்டில் மீண்டும் சந்திக்கின்றன.

நாம் அறிவது என்ன?

சொற்களின் வரலாற்றை ஆராயும்போது இரண்டு தவறுகள் எளிதில் நேர்கின்றன. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று நினைப்பது ஒன்று. பொருள் வேறுபட்டால் உறவில்லை என்று நினைப்பது மற்றொன்று. சொகோத்ராவின் சுறா முதல் தவறைக் காட்டுகிறது. எபிரேய ரொட்டியும் அரபு இறைச்சியும் இரண்டாவதைக் காட்டுகின்றன. தமிழ்ச் சொல்லோடு ஒலியில் ஒத்த ஒரு சொல் ஏதோ ஒரு நாட்டில் கிடைத்தவுடன் அங்கே தமிழர் சென்றிருந்தனர் என்று மகிழ்ந்துவிடுவோர் நம்மிடையே உண்டு. அத்தகையோர் சிந்திக்கவேண்டிய செய்தி இது.

உழவன், மேய்ப்பன், மீனவன் என்ற அழகிய விளக்கம் பாதி உதிர்ந்துபோனது. ஆனால் எஞ்சியது உறுதியானது. உணவு என்ற ஒரு பொதுச்சொல், உழுது வாழ்ந்தோர் மொழியில் ரொட்டியாகவும், விருந்துக்கு ஆடறுத்தோர் மொழியில் இறைச்சியாகவும் சுருங்கியது. இதற்கு ஒலி சான்று சொல்கிறது. களிமண் பலகை சான்று சொல்கிறது. ஒரு வாய்த் தேன் சுவைத்து உயிர் தப்பிய இளவரசனின் கதையும் சான்று சொல்கிறது.

நம் வீட்டுச் சொற்களிலும் இத்தகைய வரலாறு மறைந்து கிடக்கிறது. எள்ளின் நெய்யாகப் பிறந்த ‘எண்ணெய்’ இன்று தேங்காய்க்கும் கடலைக்கும், மண்ணுக்கும்கூடப் பொதுவாகிவிட்டது. லஹ்ம் சுருங்கியது, எண்ணெய் விரிந்தது. இரண்டையும் மாற்றியவர் பண்டிதர் அல்லர். அன்றாடம் சமைத்தும் வாங்கியும் விற்றும் பேசியும் வாழ்ந்த மக்கள்.